தாடைக்குச் சண்டை முடிந்தது தெரியாது

தாடை உடைந்துவிட்டது என்பதை எனக்கு முதலில் அறிவித்தவை என் பற்கள். வலி பின்னால்தான் வந்தது. ஆஸ்பத்திரி நடைபாதையில், ஒரு சில்லு கிறீச்சிடும் தள்ளுவண்டியில் கிடந்தபடி வாயை மூடப் பார்த்தேன். மேல்வரிசை ஓரிடத்தில் நின்றது, கீழ்வரிசை வேறெங்கோ போயிருந்தது. இத்தனை வருடம் ஒன்றாகச் சாப்பிட்ட இரண்டு தரப்பும், காணித் தகராறில் முறுக்கிக்கொண்ட உறவினர்களைப் போல விலகி நின்றன.

நாக்கால் தடவினேன். இடது பக்கம் ஒரு பல் இல்லை. அது இருந்த இடத்தில் சூடாக, உப்பாக ஏதோ ஊறியது. விழுங்கினேன். துப்புவதற்குத் தேவையான தசைகள் அன்று கடமைக்கு வரவில்லை.

உங்களுக்கு இப்போது தாடை உடைந்திருந்தால், அல்லது வேறேதாவது யாராலாவது உடைக்கப்பட்டிருந்தால், இது உங்களுக்காக எழுதுவது. மருத்துவ ஆலோசனை என்னிடம் இல்லை. நான் தமிழ் இலக்கியம் படிப்பிக்கிறவன். மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். இரண்டு தொழிலுக்கும் முதலீடு வாய்.

கண்டிக்கு அருகே ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் எனக்கு வேலை. பெயர் வேண்டாம். விரிவுரைகளோடு மாணவர் ஆலோசகர் என்றொரு பதவியும் தந்திருந்தார்கள். அதை ஏற்க வேறு ஆள் கிடைக்கவில்லை. ஒரு பின்னேரம், குண்டசாலைப் பக்கம் மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் போடிங் ஒன்றிலிருந்து வீட்டுக்காரம்மா தொலைபேசியில் அழைத்தார்.

"சேர், மேல்மாடில புள்ளைகள வரிசையா நிக்க வச்சு அடிக்கிறாங்க. கீழ இருந்து சத்தம் கேக்க ஏலாம இருக்கு. கொஞ்சம் வந்து பாருங்க."

பகிடிவதை (புதிய மாணவர்களைப் பழைய மாணவர்கள் 'பழக்குவது') வளாகத்துக்குள் தடை. ஆகையால் அது வளாகத்துக்கு வெளியே, வாடகை அறைகளில் நடக்கிறது. காவலாளியை அழைத்துக்கொண்டு போயிருக்கலாம், பொலிசுக்குச் சொல்லியிருக்கலாம். நான் தனியாகப் போனேன். என் சொல்லுக்கு ஒரு மரியாதை இருக்கும் என்று நம்பினேன். விரிவுரையாளர்கள் மட்டுமே நம்பக்கூடிய விஷயம் அது.

பாதிப் படி ஏறும்போது என் குரல் கேட்டது.

மிகச் சரியாக என் குரல். வாக்கியத்துக்கு முன் நான் தொண்டையைச் செருமுவது, வினைமுற்றில் கொஞ்சம் இழுப்பது, எல்லாம் இருந்தது. யாரோ ஒருவன் என்னுடைய முதலாம் வருட விரிவுரையை நடத்திக்கொண்டிருந்தான். அது ஒரு பழைய போர்ப்பாட்டு. யானை சரியும், தேர் உடையும், கை அறுந்து விழும், தலை உருளும். ஒவ்வொன்று விழும்போதும் டஸ்டரால் மேசையில் ஓங்கித் தட்டுவது என் வழக்கம். பின்வரிசை தூங்காதிருக்க நான் கண்டுபிடித்த உத்தி.

இங்கேயும் அந்தத் தட்டு கேட்டது. யானை, தட்டு. தேர், தட்டு. மேசை மரத்தின் சத்தம் இப்படி மந்தமாக இராதே என்று யோசித்தேன். அடுத்த தட்டுக்குப் பின்னால் ஒரு முனகல் வந்தது. நான் மேசையில் தட்டும் இடங்களில் அவர்கள் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

கதவைத் தள்ளினேன். முதலாம் வருட மாணவர்கள் சிலர் சட்டையில்லாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றார்கள். பாட்டை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். பிழைவிட்டால் முதலிலிருந்து, அடியும் முதலிலிருந்து. முதுகுகளில் செருப்பின் அச்சு சிவப்பாகத் தடித்திருந்தது. ஒருவனுடைய தோளில் தோல் கிழிந்து, இரத்தம் காற்சட்டை வார் வரைக்கும் வழிந்திருந்தது. அடிப்பவர்கள் முகம் தெரியாதிருக்க மோட்டார் சைக்கிள் ஹெல்மட் போட்டு, கண்ணாடியையும் இறக்கிவிட்டிருந்தார்கள். இப்படியொரு காட்சியைப் பார்த்தால் மனிதன் கத்துவான். எனக்குப் பகிடி வந்தது.

"நல்லாத்தான் செய்றீங்க தம்பி. ஆனா என் குரல் இவ்வளவு மோசமாவா இருக்கு?"

வரிசையில் ஒருவன் சிரித்துவிட்டான். புசல்லாவையிலிருந்து வந்த மதுஷன். பயத்தில் வெடித்த சிரிப்பு. அந்த அறையில் சிரிப்பது எல்லாவற்றையும் விடப் பெரிய குற்றம். ஹெல்மட்காரன் ஒருவன், கட்டிலில் கிடந்த இன்னொரு ஹெல்மட்டை வாரைப் பிடித்துத் தூக்கி, மதுஷனின் தலையைக் குறிவைத்துச் சுழற்றினான். நான் இடையில் போனேன். வீரம் என்று எழுத ஆசைதான். உண்மையில் கால் போனது, நானும் கூடப் போனேன்.

எலும்பு உடையும் சத்தம் வெளியே கேட்பதை விட உள்ளே பெரிதாகக் கேட்கும். காதுக்கு உட்புறமிருந்து காய்ந்த முருங்கைக் கொப்பை முறித்தது போல இருந்தது. பிறகு உதைத்தார்கள். விலாவில், இடுப்பில், தடுக்கப் போன விரல்களில். பிறகு மாடிப்படி. கடைசியில் படி வளைவில் கிடந்தேன், ஒரு கன்னம் சீமெந்தில். மேலேயிருந்து நிதானமாக, செருமிவிட்டு, என்னுடைய குரல் அறிவித்தது: "சேர் வழுக்கி விழுந்துட்டார்."

என் பகிடிக்கு இவ்வளவு உடனடியாக விமர்சனம் வந்தது அதுதான் முதல் தடவை.

சத்திரசிகிச்சை செய்தவர் டொக்டர் ஃபாசில், அக்குறணைக்காரர், முகத்தாடை நிபுணர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, நல்ல துணி பார்க்கும் வியாபாரியைப் போல ரசித்தார்.

"சுத்தமா ரெண்டு எடத்துல ஒடஞ்சி ஈக்கிது சேர். பிளேட் வெச்சு, பல்லையும் கட்டோணும். ஒரு மாசத்துக்கு மேல வாய் தொறக்க ஏலாது."

என் மனைவி ரீட்டா பக்கத்தில் நின்றாள். அழுத முகத்தோடு கேட்டாள்: "பேசவும் முடியாதா டொக்டர்?"

"பல்லுக் கடிச்சிட்டுப் பேசலாம். ஆனா யாருக்கும் வெளங்காது."

"பரவால்ல," என்றாள் ரீட்டா. "இத்தன வருஷம் வெளங்குற மாதிரி பேசித்தான இங்க வந்து கெடக்காரு."

மேற்பற்களையும் கீழ்ப்பற்களையும் கம்பியால் பிணைத்தார்கள் (எலும்பு பொருந்தும்வரை தாடை அசையாதிருக்க). கழுத்தில் ஒரு நூலைப் போட்டு, அதில் சிறிய குறடு ஒன்றைத் தொங்கவிட்டார்கள். வாந்தி வந்தால் வெளியே போக வழியில்லை; மூச்சுக்குழாய்க்குள் போனால் ஆள் முடிந்தான். அப்படி வந்தால் உடனே கம்பியை வெட்ட வேண்டும். ஏற்கெனவே கழுத்தில் கிடந்த மாதா சுரூபத்தோடு குறடும் உரசிக்கொண்டு, நான் நடக்கும்போது மெதுவாக ஒலித்தது.

சாப்பாடு எல்லாம் தண்ணீர். பறந்துபோன பல்லின் இடைவெளிதான் வாசல்; அதற்குள் ஸ்ட்ரோவை விட்டுக் கஞ்சி, பருப்புத் தண்ணி, கோழிச் சூப் உறிஞ்சினேன். உங்களுக்கும் இந்த நிலை வந்தால் ஒரு சொல்: சூப்பை இரண்டு தரம் வடியுங்கள். ஒரு மிளகுத் துண்டு போதும், அன்றைய நாள் முழுக்க அதனோடு போராட.

கம்பிக்குப் பின்னால் கிடந்தபோது ஒரு கணக்கு மனதைக் குடைந்தது. என் வாய் பூட்டியிருக்கிறது. ஆகவே இப்போது இந்தக் கண்டி வட்டாரத்தில் என் குரலில் பேசக்கூடியவன் ஒருவன்தான். அவன் ஹெல்மட்டுக்குள் இருக்கிறான். இருபது வருடமாக வகுப்பில் நின்று நான் செய்து வைத்த ஆளை அவன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கட்டிலில் மிஞ்சியது சூப் குடிக்கும் ஒரு உடம்பு.

படுத்தபடி அவனைப் பலவிதமாகக் கொன்றேன். நான் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா வேலை செய்த தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலரை அறிவேன். பித்தளைத் தட்டின் மேல் அது சுற்றிச் சுற்றி இலையின் நரம்பை நசுக்கிச் சாறெடுக்கும். அதில் அவனைக் கால் பக்கமாகப் போட்டேன். அவசரப்படாமல். முழங்கால் வந்ததும் இயந்திரத்தை நிறுத்தி, அவன் கத்துவதைக் கேட்டுவிட்டு, மறுபடி ஓடவிட்டேன். இதை நகைச்சுவையாக எழுதுகிறேனென்று நினைக்காதீர்கள். அந்த நாட்களில் எனக்கு ருசித்த ஒரே பண்டம் அது.

விசாரணை நடந்தது. என் சக விரிவுரையாளர் ஒருவர் ரீட்டாவிடம் முடிவைச் சொன்னார். வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லோரும் ஒரே வாக்குமூலம். மதுஷனும் அதையே சொன்னானாம்: "சேர் படியில வழுக்கி விழுந்துட்டாரு. அண்ணமாரு ஒன்னும் செய்யல."

எனக்குத் தெரியும். அவன் அந்த அண்ணமாரோடு இன்னும் மூன்று வருடம் வாழ வேண்டும். காட்டிக்கொடுத்தவனுக்கு அங்கே பக்கத்துக் கதிரையில் உட்காரவும் ஆள் கிடைக்காது. இதையெல்லாம் பிற மாணவர்களைப் பற்றி நானே பலருக்கு விளக்கியிருக்கிறேன். அன்று கம்பியைக் கடித்த கடியில் ஈறு கிழிந்து, தலையணை உறை நனைந்தது.

ஆறுதலுக்கு இலக்கியம் இருக்கிறதே என்று, அந்தப் போர்ப்பாட்டை எடுத்தேன். யானை சரிந்தது. தட்டு கேட்டது. தேர் உடைந்தது. தட்டும் முனகலும். வெட்டுண்ட கை வரும் இடத்தில் வயிறு மேலே எழுந்தது. ரீட்டா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, என் தலையை முன்னால் அமுக்கி, ஒரு கையில் குறட்டைத் திறந்து பிடித்தபடி, "மூக்கால மூச்ச எடுங்க, மூக்கால, மூக்கால" என்று கத்தினாள். குறட்டின் முனை என் உதட்டில் குத்தியது. வயிறு மெதுவாக இறங்கியது. ஒரு கவிதையை வாசித்துச் சாகப் பார்த்த விரிவுரையாளர் எங்கள் துறையில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லாமல் விடலாம். சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்.

மழை பெய்த ஒரு பிற்பகல். ரீட்டா படிப்பிக்கும் பாடசாலையில் பெற்றோர் கூட்டம். அவளால் வர முடியவில்லை. கடையில் சூப்புக்குச் சொல்லி, வீட்டுக்கு அனுப்பும்படி ஏற்பாடு செய்திருந்தாள். எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள், நான் பார்க்கவில்லை. கதவு தட்டப்பட்டது. திறந்தேன். வாசல் முழுக்க ஒரு ஹெல்மட், கண்ணாடி இறக்கியபடி.

கதவு மூலையில் மகனுடைய பழைய கிரிக்கெட் மட்டை சாத்தியிருந்தது. அதை எப்போது எடுத்தேன் என்று தெரியாது. முதல் அடியில் கண்ணாடி நொறுங்கியது. இரண்டாவது தோளில் இறங்கியது. அந்த மனிதர் கைகளை உயர்த்திக்கொண்டு பின்னால் சாய்ந்தார்.

"ஐயா, சூப்புங்கய்யா! சூப்புதாங்க கொண்டாந்தேன்!"

சூப் படியில் வழிந்துகொண்டிருந்தது. உடைந்த கண்ணாடிக்குள் ஒரு கண், ஒரு மீசை, கன்னத்தில் திறந்த வெட்டு. என்னைவிடப் பத்து வயது இளையவராக இருப்பார். மழைத் தண்ணீரோடு கலந்து இரத்தம் அவருடைய மழைச்சட்டையில் ஓடியது. நான் மன்னிப்புக் கேட்டேன். பூட்டிய பற்களுக்குள்ளிருந்து வந்தது ஒரு உறுமல். இன்னும் சத்தமாகக் கேட்டேன். நாயின் உறுமல். அவர் பின்பக்கமாகவே தவழ்ந்து கேற்றுக்குப் போனார். நான் முழங்காலில், கட்டியிருந்த சாரத்தின் நுனியை நீட்டிக்கொண்டு, இரத்தத்தைத் துடைக்க அவர் பின்னால் தவழ்ந்தேன். பார்த்தவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் யோசிக்க விரும்பவில்லை.

ரீட்டாதான் வந்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தையல் போடுவித்தாள். அவர் பெயர் செல்வராஜ். பொலிசுக்குப் போகவில்லை. ஒரேயொரு வேண்டுகோள்: "அக்கா, அந்த வீட்டு ஓடர் மட்டும் இனி எனக்கு வர வேணாம்."

திரும்பி வந்த ரீட்டா ஈரச் சேலையோடு என் முன்னால் உட்கார்ந்தாள். "ஒங்கள யாரு அடிச்சாங்கன்னு அவருகிட்ட நான் வெவரமா சொன்னேங்க. கேட்டுக்கிட்டாரு. அத கேட்டதால அவரு கன்னம் ஒட்டிக்கிருச்சா?"

நான் எழுந்து, வாசற்படியில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கப் போனேன்.

கம்பி கழற்றிய அன்று தாடை ஒரு நகத்தின் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. தாடை இறுக்கம் (நீண்ட நாள் அசையாத தசைகள் இறுகிப்போதல்) என்றார் டொக்டர் ஃபாசில். "மூணு வெரல் நிமித்தி வெச்சாப் போகோணும் சேர். ஒங்களுக்கு ஒண்டே போகல்ல." ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிப் பற்களுக்கிடையில் வைத்து, வலி பொறுத்து, மறுபடி ஒன்றைச் செருக வேண்டும். காதடியில் சூட்டுக்கோல் வைத்தது போலிருக்கும். சூடான துணி ஒத்தடம் முதலில் கொடுங்கள். கண்ணாடி முன் செய்யாதீர்கள், உங்கள் முகம் உங்களைச் சோர்வாக்கும்.

குச்சிகள் கூடின. ஆனால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் தாடை கறுக்கென்று பூட்டிக்கொண்டது. அதற்கு அவர் என்னை உளநல வைத்தியரிடம் அனுப்பினார். யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். மனவடு பற்றி நான் வாசித்த எல்லாவற்றையும் அவருக்கு விளக்கினேன். பாதி வாய் திறந்த நிலையிலும் நன்றாகத்தான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஓம், அது புத்தகத்தில இருக்கட்டும். இப்ப உங்கட வலது கை என்ன செய்யுது?"

பார்த்தேன். மேசைக்குக் கீழே முட்டியாக இறுகியிருந்தது.

"உங்கட தாடைக்குச் சண்டை முடிஞ்சது தெரியாது. கைக்கும் தெரியாது. அதுகள் இன்னும் காவல் நிக்குதுகள்." இதற்கு அதிவிழிப்பு (ஆபத்து போன பின்னும் உடல் காவலை விடாதிருத்தல்) என்று பெயர் சொன்னார். "அதுகளுக்கு விரிவுரை குடுத்து விளங்கப்படுத்தேலாது. ஒண்டும் நடக்கேல்ல எண்டதைத் திரும்பத் திரும்பக் காட்டத்தான் வேணும்."

வேலைக்குத் திரும்பும் நாள் நெருங்கியது. துறைத்தலைவர் அன்பாகச் சொன்னார்: முதலாம் வருடப் பாடத்தை வேறொருவர் எடுக்கட்டும், அந்தப் பாட்டையும் இந்த வருடம் விட்டுவிடலாம். நல்ல யோசனை. ஆனால் நான் விட்டால் அந்தப் பாட்டு அந்த அறையிலேயே தங்கிவிடும், என் குரலும் அதனோடு. விடாமல் போனாலும் ஒரு பயம் இருந்தது. யாராவது அடிப்பானோ என்பதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. பின்வரிசையில் ஒரு புத்தகம் விழுந்தால் நான் யாரை அடிப்பேன்? அன்றைக்குச் செல்வராஜுக்கு நடந்தது ஒரு பிள்ளைக்கு நடந்தால், அதற்குப் பிறகு எனக்கு வகுப்பு என்று ஒன்று கிடையாது.

வைத்தியரிடம் கேட்டேன். "போங்கோ," என்றார். "மேசைக்குப் பின்னால நிக்காதேங்கோ. கையில ஒண்டும் வச்சிருக்காதேங்கோ. பேனையும் வேண்டாம்."

அப்படியே போனேன். வெறுங்கையோடு, மேசைக்கு முன்னால். வகுப்பு நிறைந்திருந்தது, யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் தாடையைப் பார்த்தார்கள். மூன்றாவது வரிசையில் மதுஷன் குனிந்திருந்தான். பாட்டைத் தொடங்கினேன். யானை சரிந்தது. தட்டவில்லை. எங்கோ ஒரு கதிரை இழுபட்டது, கை முட்டியானது, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். தேர் உடைந்தது. அடுத்த சொல்லுக்கு வாயைத் திறந்தேன், தாடை பூட்டிக்கொண்டது.

நின்றேன். காதடி எரிந்தது. வகுப்பு காத்திருந்தது.

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து அடுத்த அடி வந்தது. மதுஷன் எழுந்து நின்று சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டியிருந்தான், கண் மூடியிருந்தது. சொல்லுக்கு முன் செருமினான், வினைமுற்றில் இழுத்தான். என் குரல். அந்த அறையில் கற்பிக்கப்பட்ட என் குரல். கை அறுந்து விழும் இடத்தில் நிறுத்தினான். வலது தோள் தானாகச் சுருங்கி, கீழே இறங்கியது. தலை உருளும் இடத்தில் மறுபடி. ஒரு எழுத்துப் பிழையில்லை. வகுப்பில் பாதிப் பேருக்கு அந்த நிறுத்தங்கள் எதற்கென்று தெரியும். ஒரு பெண் பிள்ளை முகத்தை மூடிக்கொண்டாள். விசாரணையில் அவன் சொல்லாதது எல்லாம் அந்தத் தோள் சொல்லிக்கொண்டிருந்தது.

அவனிடம் போக அடி எடுத்து வைத்தேன். காலடிச் சத்தத்துக்கே அவன் முதுகு வளைந்தது. அதோடு நின்றேன். முன்வரிசையில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. அதில் உட்கார்ந்தேன், கைகளை மடியில் விரித்து. உட்கார்ந்ததும் தாடை, யாரிடமும் கேட்காமல், கழன்றது.

"மதுஷன், கைய முன்னால வச்சுக்கிட்டுச் சொல்லுங்க தம்பி."

அவன் கண் திறந்தான். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்று, பிறகு மேசையில் ஊன்றினான். முதலிலிருந்து தொடங்கினான். இம்முறை குரல் மெலிந்து, புசல்லாவைப் பிள்ளையின் குரலாக இருந்தது. யானையைத் தாண்டினான். தேரைத் தாண்டினான். அதற்குப் பிறகு ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னான்.

நிறுத்தினான். கண்ணை இறுக மூடினான். தோள் இறங்கியது. நானும் கண்ணை மூடிக்கொண்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தப் போடிங் அறையில் பிழைக்கும் அடிக்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம்கூட இருந்ததில்லை. என் வாசற்படியில் கதவுக்கும் மட்டைக்கும் நடுவிலும் இருந்ததில்லை. இப்போது அந்த இடைவெளி அகன்றுகொண்டே போனது. வெளியே குண்டசாலை பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக் கடந்தது. யாரோ இருமினார்கள். என் கைகள் மடியிலேயே கிடந்தன. அவை அங்கேதான் கிடக்கின்றன என்று நானே தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அடி வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்தோம். அப்போதும் வரவில்லை.

"பொறகு என்ன சேர்?" என்றான் மதுஷன், கண்ணைத் திறந்து.

"எனக்கும் மறந்துபோச்சு," என்றேன். உண்மையாகவே மறந்திருந்தது.

பக்கத்திலிருந்தவளிடம் புத்தகத்தை வாங்கி, எழுந்து நின்று, அடுத்த அடி என்னவென்று இருவரும் தேடினோம்.